சிவப்பு அடித்த கொக்கி

பதினெட்டு என்றதும் வயசு என்று நினைத்துவிடாதீர்கள். வயசு ஐம்பத்து மூன்று. பதினெட்டு என்பது டயரில் வைக்கிற காற்று. தார் ரோடு முடிந்து மணல் ஆரம்பிக்கிற இடத்தில், கடைசிக் கட்டடம் அவருடைய ஒர்க்‌ஷாப். அதற்கப்புறம் ஒரு சங்கிலித் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் கலங்கரை விளக்கம் வரைக்கும் இருபத்தாறு கிலோமீட்டர் வெறும் கடற்கரை. அங்கே வண்டி இறக்கப் போகிற எவரைக் கண்டாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "காத்த இறக்குங்க, பதினெட்டு" என்பார். முப்பது வருஷம் இதைச் சொல்லிச் சொல்லி அதுவே அவருக்குப் பேராகிவிட்டது. போனில் யாராவது கேட்டால் அவர் மனைவிகூட, "பதினெட்டு குளிச்சிட்டு இருக்கு, அப்புறம் கூப்பிடுங்க" என்பார்.

மணலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்குத்தான் வாய் அதிகம். புது வண்டி வாங்கின திமிரில் வந்து நிற்பார்கள். "நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி சார், இதுக்கு எதுக்குக் காத்த இறக்கணும்?" நாலும் இழுக்கும்தான். நாலும் சேர்ந்து குழி தோண்டும். ரோட்டில் முப்பத்தைந்து வைத்து ஓடுகிற டயர் மணலில் கத்தியாக இறங்கும். பதினெட்டுக்கு இறக்கினால் அதே டயர் வயிறு பருத்து, அகலமாகிப் பரந்து, மேலேயே நிற்கும். இவ்வளவுதான் சங்கதி. இதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் போனவர்கள் அரைமணி நேரத்தில் அச்சு வரைக்கும் புதைந்துபோய் போன் பண்ணுவார்கள். பதினெட்டு சிரிக்கமாட்டார். "எத்தன வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்பார். அந்தப் பக்கம், "முப்பத்தஞ்சு" என்று மெதுவாக வரும்.

வண்டியை மணலுக்குத் தயார் பண்ணுவதில் அவர் ஒரு பிடிவாதக்காரர். அவசரத்துக்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. முதலில் வண்டியைத் தூக்கி வைத்து அடியில் படுத்து, டார்ச் அடித்து ஒவ்வொரு குழாயாகப் பார்ப்பார். அச்சுக்குள் காற்று போய்வருகிற சின்னக் குழாயை இழுத்து மேலே, இன்ஜின் உயரத்துக்குக் கட்டிவிடுவார். இல்லையென்றால் சூடான அச்சு கடல்தண்ணீரில் பட்டதும் உப்பை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அடித்தகடு முழுக்கத் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசுவார். காற்று பில்டரைத் தட்டிப் பார்ப்பார், பிடிக்கவில்லை என்றால் தூக்கி எறிந்துவிடுவார். பின்னால் ஒரு மண்வெட்டி, இரண்டு மணல் பலகை, திரும்பக் காற்று அடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு மரப்பலகை வேண்டும், அதை மட்டும் எல்லோரும் மறப்பார்கள், அதனால் அதை அவரே கொடுத்துவிடுவார். பலகை இல்லாமல் மணலில் ஜாக்கி வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் கொக்கி.

இது கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டிய விஷயம். கம்பெனியிலிருந்து வரும்போதே வண்டிக்கு முன்னால் வளையம் வளையமாக இருக்கும். அதில் பாதி, கப்பலில் ஏற்றும்போது வண்டியைக் கட்டிப்போட வைத்தது. இழுப்பதற்கு இல்லை. புதைந்த வண்டியை இன்னொரு வண்டியால் இழுக்கிற பட்டை இருக்கிறதே, அது ரப்பர் மாதிரி நீளும். நீண்டு, சுருங்கி, அந்தச் சுண்டுகிற வேகத்தில் வண்டியை மணலிலிருந்து பிடுங்கும். அந்த நேரம் கொக்கி பிய்த்துக்கொண்டால் சும்மா கீழே விழாது. உண்டிவில்லில் வைத்த கல்தான். எதிரே யார் இருந்தாலும் பார்க்காது.

அதனால் பதினெட்டு அந்த வளையத்தை அறுத்து எறிந்துவிட்டு, நிஜக் கொக்கி ஒன்றை அடிச்சட்டத்தோடு சேர்த்து இரண்டு போல்ட் போட்டு முடுக்குவார். போல்ட் என்றால் ஏதோ ஒரு போல்ட் இல்லை. தலையில் எண் குத்தியிருக்கும் கடின இரும்பு போல்ட். எண் இல்லாத சாதா போல்ட்டுக்கு அவர் கடையில் பேர் 'மொட்டை'. மொட்டையால் நம்பர் பிளேட்டைத்தான் மாட்டுவார். கொக்கியை முடுக்கி, இறுக்கம் போதும் என்று அளவுச் சாவி 'டிக்' சொன்னதற்கப்புறம்தான் சின்ன பிரஷ்ஷை எடுத்து அதற்குச் சிவப்பு அடிப்பார். சிவப்பு கடைசி வேலை. சிவப்பு அடித்தாயிற்று என்றால் வண்டி ரெடி. அவருக்கு அவரே வைத்துக்கொண்ட அடையாளம் அது. போகப் போகக் கடற்கரைக்கே அடையாளமாகிவிட்டது. புதைந்த வண்டியைப் பார்த்தால் முதல் கேள்வியே, "பதினெட்டு சிவப்பா?" என்பதுதான். ஆமாம் என்றால் பயமில்லாமல் மாட்டி இழுப்பார்கள்.

இந்தப் பேச்சைக் கடற்கரை முழுக்கப் பரப்பியது அவருடைய தங்கை வீட்டுக்காரர்தான். அந்த மாப்பிள்ளை, தூண்டில் போடுகிறவர்களைக் காலையில் கலங்கரை விளக்கத்து முனையில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிவருகிறவர். அந்த வண்டிதான் அந்த வீட்டுக்குச் சோறு. ஆள் தங்கம், ஆனால் அவசரம். நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். ஒரு செருப்பை மாட்டும்போதே இன்னொரு கால் வாசலுக்கு வெளியே இருக்கும். "அவசரக்குடுக்க" என்றுதான் தங்கை அவரைக் கூப்பிடுவாள். அவர் பேர் அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்பதே சந்தேகம். "மச்சான் சிவப்பு அடிச்சிட்டா யானையக் கட்டி இழுக்கலாம்யா" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். பதினெட்டுக்குக் கூச்சமாக இருக்கும். உள்ளுக்குள் இனிக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் நின்றது ஒரு பல் டாக்டரின் வண்டி. புதுசு. இடது பக்கம் கம்பெனியே நல்ல கொக்கி வைத்திருந்தது. பதினெட்டு அதைக் கழற்றிப் பார்த்து, சரி என்று திரும்ப முடுக்கினார். வலது பக்கம் கப்பல் வளையம். அதை அறுத்துவிட்டுப் புதுக் கொக்கியை வைத்தால் அந்த அளவுக்குக் கடின போல்ட் கைவசம் இல்லை. கடையில் கேட்டதற்குத் திங்கட்கிழமை வரும் என்றார்கள். டாக்டர் வரப்போவதே செவ்வாய்க்கிழமை. சரி, கொக்கி சும்மா அதன் இடத்தில் நிற்கட்டும் என்று இரண்டு மொட்டையைப் போட்டுக் கையால் திருகி வைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். இடது கொக்கிக்குச் சிவப்பு அடிக்க டப்பாவைத் திறந்தார். டப்பாவில் கடைசிப் பெயிண்ட். பால் மாதிரி மேலே ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது. இன்றைக்கு மூடி வைத்தால் செவ்வாய்க்கிழமை கல்லாகிவிடும். இன்னொரு கொக்கிக்குச் சரியாகப் போதும். வீணாக்குவானேன் என்று வலது கொக்கிக்கும் அடித்துவிட்டார். போல்ட்டை மாற்றும்போது பெயிண்ட் உரிந்தால் புது டப்பாவிலிருந்து விரலால் தொட்டு வைத்தால் ஆயிற்று என்று நினைத்தார். முப்பது வருஷத்தில் வேலை முடியாமல் சிவப்பு அடித்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

டாக்டர் சனிக்கிழமை காலையிலேயே வந்து நின்றார். மனைவி, இரண்டு குழந்தைகள், பந்து, குடை. "பசங்க பிடிவாதம் பிடிக்கிறாங்க. வண்டி ரெடியா?"

பதினெட்டு வேறு ஒரு வண்டியின் அடியில் இருந்தார். எழுந்து வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே டாக்டரின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். இடது பக்கம் சிவப்பு. வலது பக்கம் சிவப்பு.

"ரெடி சார்" என்றார். "மணல்ல இறங்குறதுக்கு முன்னாடி காத்த இறக்கிருங்க. பதினெட்டு."

ஐயோ, மறந்துவிட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. மறந்தால் யோசித்திருப்பார். அவர் யோசிக்கவே இல்லை. சிவப்பைப் பார்த்தார், நம்பிவிட்டார். ஊரே நம்புகிற அடையாளத்தை அவர் மட்டும் ஏன் நம்பக்கூடாது?

டாக்டர் சொன்னதைக் கேட்கிற மனுஷர். பதினெட்டுக்கு இறக்கித்தான் போனார். ஆனால் அலைக்குப் பக்கத்தில், தண்ணீர் ஊறுகிற மணலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். குழந்தைகள் விளையாடி முடிக்கும்போது நாலு சக்கரமும் உள்ளே இருந்தது, கடலும் ஏறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை முனையில் ஆட்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். பார்த்ததும் நிறுத்தினார். ஜன்னல் வழியாகவே எட்டி முன்பக்கத்தைப் பார்த்தார்.

"அட, பதினெட்டு சிவப்பு! எங்க மச்சான் வேல சார். கவலப்படாதீங்க, ரெண்டு நிமிஷம்."

இதைப் பிற்பாடு டாக்டரே சொன்னார். மாப்பிள்ளை குழந்தைகளைத் தள்ளிப் போய் நிற்கச் சொன்னாராம். தன் வண்டியை முன்னால் கொண்டுபோய்ப் பின்பக்கம் காட்டி நிறுத்தினாராம். இடது பக்கம் அலை அடித்ததால் பட்டையை வலது கொக்கியில் மாட்டினாராம். முதல் இழுப்புக்கு வண்டி அசையவில்லை. தண்ணீர் கதவுக்கு வந்துவிட்டது. இரண்டாவது தடவை கொஞ்சம் பின்னால் வந்து, வேகம் எடுத்து இழுத்தார். கொக்கி பிய்த்துக்கொண்டு வந்து, அவருடைய வண்டியின் பின்கண்ணாடியை உடைத்து, சீட்டின் தலைப்பக்கத்தைத் தாண்டிப் போனது. வண்டி அதுபாட்டுக்குக் கொஞ்ச தூரம் போய் நின்றது. அவர் இறங்கவில்லை.

விசாரிக்க வந்தவர்கள் கொக்கியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். போல்ட்டின் தலையைப் பார்க்கத் தெரிந்த ஆள் அவர்களில் யாரும் இல்லை. "ரொம்ப வேகமா இழுத்தார்" என்று டாக்டர் சொன்னார். பொய் இல்லை, அவர் கண்ணுக்கு அது வேகம்தான். 'அளவுக்கு மீறிய வேகத்தில் இழுத்ததால்' என்று எழுதி மூடிவிட்டார்கள். தங்கை அந்தத் தாளைப் படித்தாள். அழுகையை நிறுத்திவிட்டுப் பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "தலபாடா அடிச்சுக்கிட்டேனே. கேட்டீங்களா? அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?"

பதினெட்டு பக்கத்தில்தான் நின்றார். அப்போது அவருக்கும் ஒன்றும் தெரியாது. அவரும், ஆமாம், அவசரம்தான் என்று நினைத்தார். அந்த நினைப்பு வந்ததற்காகவே பிற்பாடு தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

ஒருவாரம் கழித்து மாப்பிள்ளையின் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடித் தூளைக் கூட்டி அள்ளும்போது, பின்சீட்டுக்கு அடியில் ஏதோ உருண்டது. போல்ட்டின் தலை. கழுத்தோடு அறுந்தது. கட்டைவிரலால் மண்ணைத் துடைத்தார். எண் இல்லை. திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் சிவப்பு ஒட்டியிருந்தது.

அங்கேயே, கண்ணாடித் தூளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் சிவப்பு அடிக்கவில்லை. இதுவரைக்கும் அடித்த வண்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, "சும்மா ஒரு செக்கிங்" என்று சொல்லிக் கொக்கியைக் கழற்றிப் பார்த்தார். நூற்றுக்கு மேல் வண்டிகள். எல்லாவற்றிலும் எண் இருந்தது. முப்பது வருஷமாக ஒரு தப்புப் பண்ணாத மனுஷன். ஒன்று பண்ணினார், அது மாப்பிள்ளையின் தலையில்தான் போய் விழ வேண்டுமா? "சிவப்பு எங்கே?" என்று கேட்டவர்களிடம், "பெயிண்ட் வரல" என்றார். பதினோரு மாசமாகப் பெயிண்ட் வராத ஊர் எங்கே இருக்கிறது? யாரும் மேலே கேட்கவில்லை. துக்கம் நடந்த வீடு என்று விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போவது அவர் வழக்கம். மாப்பிள்ளை இருந்தபோதும் போவார், இப்போதும் போனார். சமையலறையிலேயே ஒரு மேஜை, மூன்று நாற்காலி. ஜன்னல் பக்கத்து நீல பிளாஸ்டிக் நாற்காலி அவருடையது. தங்கை டீயை வைத்துவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"நேத்து கரண்டு ஆபீஸ்ல ஒன்ற மணி நேரம் நின்னேன்ணே. இதெல்லாம் அவர் பாத்த வேலை. ரெண்டு நிமிஷம் பொறுத்து இழுத்திருந்தா இன்னிக்கு அவர்தானே நின்னிருப்பாரு? யாரோ ஒருத்தன் வண்டி. தண்ணில போனா போகட்டுமே. இவருக்கு என்ன வந்துச்சு? எங்கள நெனச்சாரா?"

"விடு பாப்பா" என்பார் பதினெட்டு. சின்ன வயசிலிருந்து தங்கை அவருக்குப் பாப்பாதான். நாற்பத்திரண்டு வயசிலும்.

"எப்படிண்ணே விடுறது? செத்தாச் சாகட்டும்னு நெனச்சுத்தான் இழுத்திருக்காரு."

மாப்பிள்ளையின் போட்டோவை அவள் முன்னறையில் மாட்டவில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் செருகி வைத்திருந்தாள். "பாத்தா ஆத்திரமா வருது" என்றாள். மகள் ஏதாவது தட்டிவிட்டால், கதவை வேகமாகச் சாத்தினால், "அப்பனப் போல அவசரக்குடுக்க" என்று சீறுவாள். அந்தப் பெண்ணுக்கு இருபது வயசு. முதலில் அப்பாவுக்காகப் பேசிப் பார்த்தாள். அப்புறம் அவளும் பேசுவதில்லை. ஒரு நாள் மாமாவிடம் தனியாகக் கேட்டாள்: "நிஜமாவே அப்பா கொஞ்சம் நிதானமா இருந்திருந்தா வீட்டுக்கு வந்திருப்பாரா மாமா?"

பதினெட்டு டீயைக் குடித்தார். டீ ஆறிப் போயிருந்தது. "யாருக்கும்மா தெரியும்" என்றார்.

மூன்று தடவை சொல்லிவிட வேண்டும் என்றே கிளம்பிப் போனார். ஒரு தடவை வாயைத் திறந்தும்விட்டார். பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்தாள். அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டார். அவர் மனசுக்குள் ஒரு வக்கீலும் உட்கார்ந்திருந்தான். பட்டையின் மேலே ஈரச் சாக்கு போட்டிருக்க வேண்டும், அறுந்தால் வேகத்தை அமுக்கும், எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், மாப்பிள்ளை போடவில்லை, அது அவர் தப்புத்தானே? அந்த வக்கீல் பேசுகிறபோதெல்லாம் பதினெட்டுக்குக் கொஞ்சம் மூச்சு வரும். சட்டைப்பையில் கை போய் அந்த இரும்பு தட்டுப்பட்டதும் வக்கீல் ஓடிவிடுவான்.

அதை அவர் சட்டைப்பையிலேயேதான் வைத்திருந்தார். துவைக்கும்போதெல்லாம் மனைவியின் கையில் அது அகப்படும். ஒன்றும் கேட்காமல் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவார். மறுநாள் அது திரும்பச் சட்டைக்குள் போய்விடும். பத்து மாசம் இப்படியே போனது. ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலேயே சொன்னார்: "இது என்னன்னு நான் கேக்கல. ஆனா இது நம்ம வீட்டுல இருக்க வேண்டிய சாமான் இல்ல. எங்க குடுக்கணுமோ அங்க குடுத்துருங்க."

அப்புறம்தான் வண்டிப் பேச்சு வந்தது.

தங்கை மகள் அப்பாவின் வண்டியைத் தானே ஓட்டப்போவதாகச் சொல்லிவிட்டாள். தூண்டில்காரர்கள் பழைய ஆட்கள், வருவார்கள். வேறு வழியும் இல்லை. தங்கை நாலு நாள் சாப்பிடாமல் சண்டை போட்டாள். ஐந்தாவது நாள் அண்ணனின் முன்னால் வந்து நின்றாள்.

"நீ பாத்துக் குடுண்ணே. அடியிலேருந்து நுனி வரைக்கும் நீயே உன் கையால பண்ணு. நீ சிவப்பு அடிச்சுக் குடுத்தா நான் இவள அனுப்புறேன். இல்லன்னா மாட்டேன். உன் சிவப்பத் தவிர எனக்கு இப்ப எதுலயும் நம்பிக்க இல்ல."

பதினெட்டு தலையை மட்டும் ஆட்டினார்.

பதினாறு நாள் அந்த வண்டியோடு கிடந்தார். வேறு வேலை எடுக்கவில்லை. அச்சைப் பிரித்தார், தேய்ந்ததை மாற்றினார். அச்சின் மூச்சுக்குழாயைப் புதுசாகப் போட்டார். அடித்தகட்டில் மாப்பிள்ளை காலத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார். சீட்டைக் கழற்றியபோது தையலுக்குள்ளிருந்து இன்னும் கண்ணாடித் தூள் வந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஈரச் சாக்கைத் தொங்கவிட ஒரு கொக்கியைக் கதவுக்கு உள்பக்கமே மாட்டினார், கையை நீட்டினால் எட்டுகிற மாதிரி. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு கொக்கி. எட்டுப் போல்ட். ஒவ்வொன்றின் தலையையும் வெளிச்சத்தில் காட்டி எண்ணை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் போட்டார். அளவுச் சாவி எட்டுத் தடவை 'டிக்' என்றது. எல்லாம் முடிந்தது. புது டப்பா வாங்கி வைத்திருந்தார். திறந்தார். பிரஷ்ஷை முக்கினார். கொக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வேலை சரியாகத்தான் இருந்தது, சிவப்பு அடிக்க எல்லா யோக்கியதையும் அதற்கு இருந்தது. அடிக்கிற கைக்குத்தான் இல்லை. பெயிண்ட் தரையில் சொட்டிக்கொண்டே இருந்தது. டப்பாவை மூடிவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் வண்டியைத் தங்கை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். மகள் ஓடிவந்து கதவைத் திறந்து ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தாள். தங்கை கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பின்னால் போய்ப் பார்த்தாள், முன்னால் வந்து குனிந்து பார்த்தாள்.

"சிவப்பு எங்கண்ணே?"

பதினெட்டு சட்டைப்பைக்குள் கை விட்டு அதை எடுத்து பானெட்டின் மேலே வைத்தார்.

"என்ன இது?"

"போல்ட்டுத் தல. அந்த டாக்டர் வண்டியோடது. மாப்ள சீட்டுக்குக் கீழ கெடந்துச்சு." இருமிக்கொண்டார். "பாரு, தலைல நம்பர் இல்ல. மொட்ட. இதப் போட்டுக் கொக்கிய இழுக்கக் கூடாது. நான்தான் போட்டேன் பாப்பா. தற்காலிகமாத்தான் போட்டேன். மாத்துறதுக்கு முன்னாடியே சிவப்பு அடிச்சிட்டேன். அடுத்த நாள் டாக்டர் வந்து கேட்டாரு. சிவப்பப் பாத்துட்டு ரெடின்னு சொல்லிட்டேன்."

தங்கை அந்த இரும்பையே பார்த்தாள். "வேகமா இழுத்ததாலன்னுதானே எழுதியிருந்தாங்க?"

"அவங்களுக்குத் தெரியாது. சரியான போல்ட்டா இருந்தா அந்த வேகத்துக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. அது மாதிரி ரெண்டு மடங்கு தாங்கும். மாப்ள சரியாத்தான் இழுத்தாரு."

ஈரச் சாக்கு போடவில்லை என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கினார். இந்தப் பதினோரு மாசத்தில் அவர் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

"அப்ப அவர் அவசரப்படலையா?" தங்கையின் குரல் சின்னப் பிள்ளைக் குரலாக வந்தது.

"இல்லம்மா. தண்ணி ஏறிக்கிட்டு இருந்துச்சு. யாரா இருந்தாலும் அப்படித்தான் இழுத்திருப்பாங்க. நான் அடிச்ச சிவப்ப நம்பி இழுத்தாரு."

மகள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். தங்கை உள்ளே போனாள். பீரோவை நகர்த்துகிற சத்தம் கேட்டது. திட்டப்போகிறாள், எதையாவது தூக்கி எறியப்போகிறாள் என்று பதினெட்டு நின்றார். எறிந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் போட்டோவை எடுத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் பதினோரு மாசத் தூசி. முந்தானையால் துடைத்தாள். ஒருதரம் துடைத்தாள், போதாமல் இன்னொரு தரம் துடைத்தாள்.

"எவ்வளவு திட்டிட்டேன்" என்றாள், போட்டோவிடம். "செத்தவர எவ்வளவு திட்டிட்டேன். நீங்க ஒண்ணுமே பண்ணல."

அப்புறம்தான் அண்ணனைப் பார்த்தாள்.

"நான் இவரத் திட்டும்போதெல்லாம் நீங்க அந்த நாற்காலியிலதானே உக்காந்திருந்தீங்க? டீ குடிச்சுக்கிட்டு?"

நீங்க. பேச்சு வந்த நாளிலிருந்து அவரை 'நீ' என்று கூப்பிட்டவள். சண்டையிலும் நீ, சிரிப்பிலும் நீ, கல்யாணத்தன்று ஊரே பார்க்கக் கட்டிக்கொண்டு அழுதபோதும் "நீ வரமாட்டியாண்ணே" என்றவள். பதினெட்டுக்கு முதலில் யாரைச் சொல்கிறாள் என்றே புரியவில்லை. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்துவிட்டார்.

"ஆமா" என்றார்.

மகள் வண்டியிலிருந்து இறங்கினாள். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் முன்பக்கம் போய்க் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, போன் வெளிச்சத்தை அடித்து, கொக்கியின் போல்ட்டுகளைப் பார்த்தாள். அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி எண்ணைச் சத்தமாகப் படித்தாள். பின்னால் போய் அங்கேயும் படித்தாள். எட்டு போல்ட்டையும் படித்து முடிக்கிற வரைக்கும் யாரும் நகரவில்லை. எழுந்து வந்து சாவிக்குக் கையை நீட்டினாள். பதினெட்டு கொடுத்தார். "காத்த..." என்று வாய் பழக்கத்தில் ஆரம்பித்து, அதோடு நின்றது.

"தெரியும்" என்றாள் அவள்.

பானெட்டின் மேலே கிடந்த போல்ட்டுத் தலையை எடுத்துக்கொள்வதா விட்டுவிட்டுப் போவதா என்று அவருக்குத் தெரியவில்லை. கையை நீட்டினார்.

"அது இங்கயே இருக்கட்டும்" என்றாள் தங்கை. "நீங்க போங்க."

எந்த வீட்டிலும் யாரையும் அப்படி அனுப்பமாட்டார்கள். விரோதி வந்துவிட்டுக் கிளம்பினால்கூட, போயிட்டு வாங்க என்றுதான் வாய் சொல்லும். பதினெட்டு கேட் வரைக்கும் மெதுவாக நடந்தார். கொண்டியை எடுத்தார், வெளியே வந்தார், திரும்பி நின்று கொண்டியைப் போட்டார். மீதி வார்த்தை வருமா என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். வரவில்லை.